விடுதி யூனியனும் பஸ் மாணவர்களும்

கல்லூரியில் சேரும் நாளில் அலுவலக ஜன்னல் வழியே நீட்டப்படும் ரசீதை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. நூலகம், விளையாட்டு, ஆய்வகம், அடையாள அட்டை என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டியலில், பல கல்லூரிகளில் 'பேரவை' என்றும் ஒரு வரி இருக்கும். தொகை சின்னதுதான். அந்தப் பணத்தைக் கட்டிய மாணவனுக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது, ஓட்டா, விழா நாளில் உட்கார ஒரு நாற்காலியா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே தமிழ்நாட்டு மாணவர் பேரவைகளின் வரலாறு பாதி வெளியே வந்துவிடும்.

விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி 2021-க்குப் பிறகு சொந்தக் கேள்வியாகிவிட்டது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் 1960களின் இறுதியில் பிறந்தவை. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போயின. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தையே தலைமையிடமாக வைத்து டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். அதே ஆண்டில் ஆட்சி மாறியதும், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை எல்லாம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க முடிவானது. அப்பா சென்னையில் பட்டம், அக்கா திருவள்ளுவரில் பட்டம், தம்பி அண்ணாமலையில் பட்டம் என்று ஒரே வீட்டில், ஒரே கல்லூரிக் கட்டடத்தில் படித்தவர்கள் இங்கே உண்டு.

அண்ணாமலை மாணவர் என்றால் சிதம்பரத்துக்குப் பெட்டி படுக்கையோடு போய்த் தங்கியவர் என்றுதான் எங்கள் பகுதியில் முன்பு பொருள். இப்போது கோலியனூர்க் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அண்ணாமலை மாணவர்கள். ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் அமைப்பின் கதை நம்முடைய கதையும் ஆகிறது.

செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதையும் உடனிருந்த தமிழ், வடமொழிக் கல்லூரிகளையும் சேர்த்து, 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929-இல் பல்கலைக்கழகம் உருவானது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. அண்ணாமலையோ ஒரே வளாகத்தில் பாடம் நடத்தி, மாணவர்களை அங்கேயே தங்கவைக்கும் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. ஆசிரியர், மாணவர், சமையல்காரர், நூலகர் எல்லாரும் ஒரு ஊராக வாழும் ஏற்பாடு. ஊரின் பெயரே அண்ணாமலைநகர். மாணவர் யூனியனின் குணத்தை இந்த ஒரு முடிவு அறுபது எழுபது ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிட்டது என்பது என் கருத்து.

அந்தக் காலத்துக் கல்லூரி யூனியன்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்து. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-இலும் ஆக்ஸ்போர்டு யூனியன் 1823-இலும் தொடங்கியவை. இரண்டும் விவாத மன்றங்கள். மாணவரின் குறைகளைத் தூக்கிக்கொண்டு நிர்வாகத்திடம் போவது அவற்றின் வேலையில்லை. நாடாளுமன்றம் போல இருபுறமும் உட்கார்ந்து தீர்மானம் கொண்டுவந்து வாதாடுவதுதான். அந்த மேடைகளில் நம்மவர்களும் ஏறியிருக்கிறார்கள். ஜமீன்தார் குடும்பத்துப் பிள்ளையான மோகன் குமாரமங்கலம் 1938-இல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவர். யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த லட்சுமண் கதிர்காமர் 1959-இல் ஆக்ஸ்போர்டு யூனியனின் தலைவர். பின்னாளில் மோகன் இந்தியாவில் மத்திய அமைச்சரானார். கதிர்காமர் இலங்கையின் வெளியுறவு அமைச்சரானார். நம்மூர்க் கல்லூரிகள் இந்த மாதிரியைத்தான் இறக்குமதி செய்தன: தலைவர், துணைத்தலைவர், செயலாளர், மேலே ஆலோசகராக ஒரு பேராசிரியர், தொடக்க விழாவுக்கு ஒரு பெரிய மனிதர், நிறைவு விழாவுக்கு இன்னொரு பெரிய மனிதர், நடுவில் பேச்சுப் போட்டி.

அண்ணாமலையில் இந்தப் பேச்சு மரபு வேர் பிடித்ததற்கு ஆட்களும் காரணம். எஸ்.இ. ரங்கநாதனுக்குப் பிறகு 1935-இல் துணைவேந்தராக வந்தவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுக்காக உலகம் கொண்டாடிய மனிதர் துணைவேந்தராக உட்கார்ந்திருக்கும் வளாகத்தில் மேடையேற யாருக்குத்தான் ஆசை வராது? வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன அந்த வளாகத்திலிருந்து புறப்பட்டவர்கள் தமிழ் மேடையைத் தலைகீழாக மாற்றினார்கள். இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்கே படித்தவர்கள். 1945-இல் பாரதிதாசன் படத்தைத் திறந்துவைத்து அண்ணா பேசிய 'ஏ! தாழ்ந்த தமிழகமே!' உரை அந்த வளாகத்தில் நிகழ்ந்ததுதான். 'நிலையும் நினைப்பும்' என்று புத்தகமாக வந்து ஊர் ஊராக விற்றதும் அண்ணா அங்கே ஆற்றிய இன்னொரு உரை. ஆங்கிலேயர் பாணியில் போட்ட மேடையில் அடுக்குமொழித் தமிழ் ஏறியது. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்டவர்களின் பேச்சு நடையில் அந்த மேடைக்கும் ஒரு பங்கு உண்டு.

விடுதி வாழ்க்கையின் பலம் பேச்சோடு நிற்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் வாசலில் நின்று ஒருவன் ஒரு செய்தியைச் சொன்னால், ஒன்பது மணிக்குள் அது எல்லா அறைக்கும் போய்விடும். நோட்டீஸ் தேவையில்லை, தபால் செலவில்லை. காலையில் வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்பது ராத்திரியே முடிவாகிவிடும். இந்த வசதி அரசியல் இயக்கங்களுக்கு நன்றாகத் தெரியும். 1940-இல் அங்கே படித்துக்கொண்டிருந்த ஆர். உமாநாத் படிப்பைப் பாதியில் விட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமறைவு வேலைக்குப் போய், சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றார். அதே வழக்கில் பி. ராமமூர்த்தியும், கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய மோகன் குமாரமங்கலமும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அண்ணாமலை மாணவர் இயக்கத்தில் முன்னின்ற இன்னொருவர் கே. பாலதண்டாயுதம். 1973 மே 31 அன்று டெல்லியில் விழுந்து நொறுங்கிய விமானத்தில் பாலதண்டாயுதமும் மோகன் குமாரமங்கலமும் ஒன்றாக இறந்தார்கள். கேம்பிரிட்ஜ் மேடையும் அண்ணாமலை விடுதியும் வளர்த்த இரண்டு பேர் ஒரே பயணத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு வளாகத்தில் நடந்ததற்கு இன்னொரு வளாகம் குரல் கொடுக்கும் பழக்கமும் அப்போதே வந்துவிட்டது. 1941-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர் என். சங்கரய்யா கைதானது அண்ணாமலை மாணவர்களின் கைதைக் கண்டித்துத் துண்டறிக்கை போட்டதற்காக. பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தும் அந்தப் பட்டம் வாங்காமலே போனார்.

இங்கே கும்பகோணத்தையும் சொல்ல வேண்டும், அண்ணாமலையின் எல்லைக்கு வெளியே என்றாலும். அங்கே அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு வேறு பானை. அதில் கிளம்பிய தகராறுதான் 1943 டிசம்பர் 1 அன்று திராவிட மாணவர் கழகமாக உருவெடுத்தது. தவமணிராசன், கருணானந்தம் போன்ற மாணவர்கள் தொடங்கியது. கொள்கை விளக்க மாநாடெல்லாம் பிறகு வந்தது, ஆரம்பம் பானை. மாணவர் அமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய பெரிய தத்துவங்களில் தொடங்குவார்கள். எனக்கென்னவோ தண்ணீர், சோறு, கட்டணம் இந்த மூன்றில் ஒன்றில் தொடங்காத மாணவர் அமைப்பு அதிக நாள் நின்றதாகத் தெரியவில்லை.

1965 இதற்கு விதிவிலக்கு. அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது, தமிழ்நாடு முழுக்க இருந்த கல்லூரி யூனியன் நிர்வாகிகள் சேர்ந்து இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சிக் குழு ஒன்றை அமைத்தார்கள். பெ. சீனிவாசன், கா. காளிமுத்து, நா. காமராசன், எல். கணேசன் என்று பெயர்கள் நீளும். இந்தக் குழு எப்படி ஒரு சில நாளில் மாநிலம் முழுதும் இயங்கியது என்று பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓட்டு வாங்கி வந்த ஒரு தலைவர், ஒரு செயலாளர், அவர்களுக்குக் கீழே வகுப்புக்கு ஒரு ரெப் என்று ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. பேச்சுப் போட்டி நடத்தவும் விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடவும் வைத்திருந்த அதே ஏற்பாடுதான் ஊர்வலம் நடத்தியது.

ஜனவரி 25-இல் மதுரையில் மோதல். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் மாணவர் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். சிவகங்கைக்காரர். இன்றைக்கும் பல்கலைக்கழகத்து முகப்பில் அவர் சிலை நிற்கிறது. கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியதும் விடுதிகள் காலியாயின. மாணவர்கள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அரசு நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. வளாகத்துக்குள் அடங்கிக் கிடந்த கிளர்ச்சி கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்குப் போயிற்று. இரண்டு வருடம் கழித்து விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கில் தோற்கடித்தவர் அந்தக் கிளர்ச்சிக் குழுவின் சீனிவாசன்.

வெற்றி பெற்ற அமைப்புக்கு வரும் சோதனை அதற்குப் பிறகு வந்தது. யூனியன் தேர்தல் கட்சிகளின் ஒத்திகையாக மாறியது. மேடையில் எதிர்க்கட்சி இருந்தால்தான் விவாதம் என்று கற்றுக்கொடுத்த இடத்தில், ஆளுங்கட்சி எது என்று பார்த்து அணி சேரத் தொடங்கினார்கள். 1971 ஜூலையில் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள், தடியடி நடந்தது, உதயகுமார் என்ற மாணவரின் சாவு பற்றிய சர்ச்சை கிளம்பியது. குளத்தில் கிடைத்த உடலை அடையாளம் காட்டுவதிலேயே தகராறு. விசாரணைக் கமிஷன் வந்தது. சர்ச்சை மட்டும் இன்றுவரை அரசியல் மேடைகளில் ஓயவில்லை. ஆறு வருட இடைவெளியில் இரண்டு மாணவர்கள். ஒருவருக்குச் சிலை இருக்கிறது. மற்றவரின் பெயர் தேர்தல் நேரத்தில் மட்டும் எடுக்கப்படுகிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். அடிதடி, சாதி அணி, பணம் என்று காரணங்கள் சேர, தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் பேரவைத் தேர்தலை நிறுத்தின. மதிப்பெண் பார்த்தோ துறைத்தலைவர் பரிந்துரைத்தோ நியமனம். விழாவில் வரவேற்புரை ஒருவர், நன்றியுரை ஒருவர், மாலை போட இருவர். தேர்தல் போனால் வன்முறை போய்விடும் என்ற கணக்கு சரியாக வந்ததா? சென்னையில் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாத இடத்தில் 'ரூட்டு தல' வந்தார்கள். ஒரு பஸ் தடத்துக்கு ஒரு தல. ஓட்டுப்பெட்டி இல்லை, பதவிக்காலம் இல்லை. 'பஸ் டே' கூத்து 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடைபோடும் அளவுக்கு முற்றியது. தலைமையை எவரும் ஒழித்துவிட முடியாது. கணக்குக் கேட்க முடியாத தலைமையாக மாற்றத்தான் முடியும்.

இந்தப் பின்னணியில்தான் லிங்டோ குழுவைப் பார்க்க வேண்டும். கேரளப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு. தலைவர், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ. 2006 மே மாதம் அறிக்கை தந்தது. செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. இளநிலை மாணவர் என்றால் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். வருகை 75 சதவீதம். அந்த ஆண்டு அரியர் இருக்கக் கூடாது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு ஆயுளில் ஒரு முறைதான் நிற்கலாம். அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதிய தட்டி மட்டும். வாக்குக் கேட்க ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு கூடாது. யானை மேல் ஊர்வலம் போன வேட்பாளர் எவரோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலங்கு என்ற சொல் அங்கே வர நியாயமில்லை.

அந்த அறிக்கையில் நம்மவர்கள் அதிகம் பேசாத வரி ஒன்று உண்டு. நியமன முறை தற்காலிக ஏற்பாடுதான். அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்கிறது. 2006-லிருந்து ஐந்து ஆண்டு எப்போது முடிந்தது என்று விரல்விட்டு எண்ணலாம்.

தேர்தல் என்றதும் கலவரத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் ஒரு வகுப்பு ரெப் தேர்தலைப் பார்த்தால் போதும். இரண்டு பேர் நிற்பார்கள். கரும்பலகையில் இருவர் பெயரும் சாக்பீஸில். நோட்டுத் தாளை நான்காகக் கிழித்த சீட்டு. பழைய சாக்பீஸ் டப்பாதான் பெட்டி. பேராசிரியர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிக்க, பெயருக்கு நேரே கோடு விழும். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. ஒரு சீட்டில் நடிகர் பெயர் இருக்கும், வகுப்பு சிரிக்கும், அது செல்லாத ஓட்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றவன் ஜெயித்தவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பான், அல்லது ஒரு வாரம் பேசமாட்டான். ஒரு பேரவை எழும்புவது இங்கிருந்துதான்.

பக்கத்திலேயே பார்க்க உதாரணம் உண்டு. கோலியனூரிலிருந்து புதுச்சேரி சாலையில் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், 1985-இல் வந்தது. அங்கே நடந்த மாணவர் பேரவைத் தேர்தல்களில் முதலில் பிரதிநிதிகள் தேர்வாகி, அவர்கள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தேர்தலை நடத்தும் ஆணையமே மாணவர்களுடையது. லிங்டோ விதிகளோடு முரண்பட்டதால் 2008-இல் தடைபட்டு, 2012-இல்தான் தேர்தல் மீண்டும் நடந்தது. பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இடிக்கப்பட்டபோது மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 11-ஆம் தேதி விடியற்காலையில் துணைவேந்தரே வந்து புதிய தூணுக்கு அடிக்கல் வைத்தார். மூன்றே நாள். யாரோடு பேசுவது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது அதற்கு ஒரு காரணம். மாணவர் ஒன்றியம் என்று ஓர் அமைப்பு அங்கே உயிரோடு இருக்கிறது.

அண்ணாமலையில் நிதி நெருக்கடி வந்து, 2013-இல் புதுச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் அரசின் கைக்குப் போனது. அரசு நிறுவனம் ஆன பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு. 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாளுக்கு மேல் மாணவர்கள் போராடினார்கள். விடுதிகளை மூடியும் கலையவில்லை. முடிவில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, அரசுக் கட்டணம் வந்தது. இங்கேயும் விடுதிதான் கை கொடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் யூனியன் எதுவும் தலைமை தாங்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அவசரச் சட்டம் வந்த பிறகு கலைவதா இருப்பதா என்று கூட்டத்தின் சார்பில் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதும் அதனால்தான். கடைசி நாளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இனி நம் பக்கம். விழுப்புரம் டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறினால் ஒரே பஸ்ஸில் நான்கு பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருப்பார்கள். கலைக் கல்லூரிப் பிள்ளைகள் அண்ணாமலை. காகுப்பம் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகம். சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனால் குறை எல்லாருக்கும் ஒன்றுதான்: பஸ். கூட்டுரோட்டில் புதுச்சேரிச் சாலையும் பண்ருட்டிச் சாலையும் பிரிகின்றன. சாயங்காலம் எந்தப் பக்கத்து வண்டியை விட்டாலும் உள்கிராமத்துக்குப் போகும் அடுத்த வண்டியைப் பிடிக்க முடியாது. பாஸ் காட்டினால் நிறுத்தாமல் போகும் பஸ், பெண்பிள்ளைகள் ஏறுவதற்குள் விசில் கொடுக்கும் பஸ் என்று ஆளுக்கொரு புகார் இருக்கும். இந்தப் புகாரைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

பழைய விடுதி யூனியனின் நேரக்கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இவர்களுக்கு இடமே இருக்காது. ராத்திரி மெஸ் வாசலில் முடிவெடுக்கும் அமைப்பில் டே ஸ்காலருக்கு ஓட்டு இருந்தாலும் குரல் இல்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். விடுதி கேட் மூடும் நேரமும் கடைசி பஸ் நேரமும் சேர்ந்து அவர்களை வேட்பாளர் பட்டியலிலிருந்தே தள்ளிவைத்தன. அந்தக் காலத்து யூனியன் தலைவர்களாகப் பேசப்படும் பெயர்கள் முழுக்க முழுக்க ஆண்பெயராக இருப்பதைத் திறமைக் கணக்கில் வைக்க முடியாது. இன்று விழுப்புரம் எம்.ஜி.ஆர். அரசு மகளிர் கல்லூரியும் அண்ணாமலையின் குடைக்குள்தான்.

பல கல்லூரிகள் இணைந்த பல்கலைக்கழகத்துக்கு லிங்டோ குழு சொன்ன வழி, கல்லூரி அளவில் நேரடித் தேர்தல், அங்கே ஜெயித்தவர்கள் கூடிப் பல்கலைக்கழகப் பேரவையைத் தேர்ந்தெடுப்பது. நான்கு மாவட்டத்துக்கு இது பொருந்தும், சில சின்ன விஷயங்களைக் கவனித்தால். பேரவைக் கூட்டம் மாலை ஐந்துக்கு மேல் கூடாது. மதிய இடைவேளையை ஒட்டி வைக்க வேண்டும். எல்லாக் கூட்டமும் சிதம்பரத்தில் என்றால் திண்டிவனத்துப் பிரதிநிதி விடியற்காலையில் கிளம்பி நள்ளிரவில் வீடு திரும்புவார். கள்ளக்குறிச்சிக்காரர் வரவே மாட்டார். ஒரு பருவத்துக்கு ஒரு மாவட்டம் என்று சுற்றி வரட்டும். போக வர டிக்கெட் பணம் ரசீதில் இருக்கும் அந்தப் பேரவை வரியிலிருந்து வர வேண்டும். வரவு செலவு கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். முதல் கூட்டத்தை விழுப்புரத்தில் வைத்தால், பொருளில் முதலாவதாகக் கூட்டுரோட்டு பஸ் நேரத்தைப் போடலாம். கிளை மேலாளரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்கலாம்.